வரி மாறும் இடத்தில் தொடங்குவது: கொங்கு நாட்டுப் பழைய நிரல்களும் யூனிட் டெஸ்டும்

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, கோவையின் அடையாளங்களில் ஒன்றான கல் வெட் கிரைண்டருக்கு 28 சதவீத வரி. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 12 சதவீதம். 2019 அக்டோபர் 1 முதல் 5. 2022 ஜூலை 18 முதல் 18. ஏறக்குறைய ஐந்து ஆண்டில் ஒரே பொருளுக்கு நான்கு விகிதங்கள். தண்ணீர் பம்புகளுக்கும் அதே 2022 ஜூலை 18 அன்று வரி 12 இலிருந்து 18 ஆனது. ஆயத்த ஆடையில் விலையைப் பொறுத்து விகிதம் மாறும்: ஆயிரம் ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12 என்றிருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18 என்றானது. இதைத் தீர்மானித்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது செப்டம்பர் 3 அன்று. நடுவில் இருந்தது 19 நாள். வியாபாரிகள் இந்த மாற்றங்களைச் சங்கக் கூட்டங்களில் விவாதித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு நிரலர் பல வருடப் பழைய பில்லிங் நிரலைத் திறந்து, எந்த வரியில் கைவைத்தால் எது உடையும் என்று தெரியாமல் திருத்தியிருக்கிறார் என்பதை அதிகம் பேர் பேசவில்லை.

கொங்கு மண்டலத்தின் தொழில் இந்த நிரல்களின் மேல்தான் ஓடுகிறது. திருப்பூரில் ஒரு பனியன் துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் என்று ஒவ்வொரு கூடமாக ஏறி இறங்கும்போது, ஒவ்வொரு இடத்திலும் ஒரு டெலிவரி சலான், ஒரு எடைக் கணக்கு, ஒரு சேதாரக் கணக்கு, ஒரு கூலி பில். கோவையின் பம்புத் தொழில், ஈரோட்டின் விசைத்தறி, கரூரின் வீட்டு உபயோகத் துணி, நாமக்கல்லின் லாரி புக்கிங் ஆகியவற்றுக்கும் இப்படித் தனித்தனிக் கணக்கு முறைகள் உண்டு. வெளியூர்ப் பெரிய நிறுவனத்தின் பொதுவான மென்பொருளில் இந்த நுணுக்கம் அடங்காது என்பதால், உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் விஷுவல் பேசிக் 6 இலும் ஃபாக்ஸ்புரோவிலும் பின்னர் டாட்நெட்டிலும் எழுதிக் கொடுத்தவைதான் பலவும். விஷுவல் பேசிக் 6 எழுதுகருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஃபாக்ஸ்புரோவுக்கு 2015 ஜனவரியோடு முடிந்தது. நிரல்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வாடிக்கையாளர் கேட்கக் கேட்க ஒவ்வொரு ‘இஃப்’ ஆகச் சேர்ந்து வளர்ந்தவை அவை. டெஸ்ட் என்று சொல்லிக்கொள்ள அவற்றில் ஒன்றும் கிடையாது.

இப்படிப்பட்ட நிரலுக்குள் யூனிட் டெஸ்டையும் (நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் டெஸ்ட்) மாக்கையும் (நிரல் நம்பியிருக்கும் ஒன்றுக்குப் பதிலாக நிற்கும் போலி) எப்படிக் கொண்டுவருவது? கேள்வி புதிதல்ல. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997 இல் ஜாவாவுக்கான ஜேயூனிட்டை எழுதினார்கள். மாக் என்னும் முறையை 2000 இல் சார்டினியாவில் நடந்த மாநாட்டில் டிம் மக்கினன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் மூவரும் முன்வைத்தார்கள். டெஸ்ட் இல்லாத நிரல் எதுவானாலும், நேற்று எழுதியதானாலும், அதைப் பழைய நிரல் என்றே கொள்ள வேண்டும் என்று 2004 இல் மைக்கேல் ஃபெதர்ஸ் ஒரு புத்தகம் முழுக்க வாதிட்டார். இவற்றைப் படித்துவிட்டு வரும் இளைஞர் பொதுவாகச் செய்வது ஒன்று உண்டு. நிரலின் முதல் வகுப்பை எடுத்து, அது தொடும் எல்லாவற்றையும் மாக் செய்து, ஃபங்ஷனுக்கு ஒன்றாக டெஸ்ட் எழுதி, கவரேஜ் (டெஸ்டுக்குள் வரும் நிரலின் அளவு) 80 சதவீதம் என்று இலக்கும் வைத்துக்கொள்வார். சில வாரத்தில் வேலை நின்றுவிடும். அவர் தொடங்கிய இடம்தான் தவறு. நம் ஊர் வணிக நிரலில் டெஸ்ட் முதலில் போக வேண்டிய இடத்தைச் சட்டமும் அரசின் இணையதளமும் காட்டிவிடுகின்றன. அங்கே முதலில் எழுத வேண்டியது, நிரல் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் டெஸ்டைவிட, இன்று எப்படி நடக்கிறது என்று பதிவு செய்யும் டெஸ்ட். மாக் என்பதை வெளியுலகம் நிரலைத் தொடும் எல்லையில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

இன்று எப்படி நடக்கிறது என்பதைப் பதிவு செய்வது ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு எம்பிராய்டரி யூனிட் பீஸுக்கு ஐந்து ரூபாய் கூலிக்கு 249 பீஸ் முடித்துக் கொடுக்கிறது. பில் 1,245 ரூபாய். துணி ஜாப் ஒர்க்குக்கு வரி 5 சதவீதம், உள்மாநிலம் என்பதால் மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. இரண்டரை சதவீதம் என்பது 31.125 ரூபாய். இதைப் பைசாவாக்க வேண்டும். விஷுவல் பேசிக் 6 இன் ‘ரவுண்ட்’ ஃபங்ஷன் சரிபாதி வரும்போது இரட்டைப்படை எண் பக்கம் சாயும், அதனால் 31.12 கிடைக்கும். அதே மொழியின் ‘ஃபார்மேட்’ ஃபங்ஷன் 31.13 என்று தரும். எஸ்.க்யூ.எல். சர்வரின் ‘ரவுண்ட்’ என்பதும் 31.13 தான். ஆக மொத்த வரி ஒரு வழியில் 62.24, மறு வழியில் 62.26. இதே பில் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போயிருந்தால் ஒருங்கிணைந்த வரி ஒற்றைத் தொகையாக 62.25. பில் திரையில் ஒரு தொகை, அச்சில் ஒரு தொகை, மாத அறிக்கையில் ஒரு தொகை என்று ஒரே நிரல் மூன்று விதமாகக் காட்டக்கூடும். பில்களைப் பதிவு செய்யும் அரசின் இ-இன்வாய்ஸ் தளம் ஒரு ரூபாய் வரையிலான வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வதால், இது வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகும்.

இந்த நிரலை டாட்நெட்டுக்கோ வேறெதற்கோ மாற்றும் நிரலர், மூன்றையும் ஒழுங்காக ஒரே ஃபங்ஷனாக்கிவிட்டால் சரி செய்துவிட்டதாக நினைப்பார். மறுநாள் வாடிக்கையாளரின் கணக்குப்பிள்ளை, பழைய பில்லை மறுபடி அச்சடித்தால் பைசா மாறுகிறதே என்பார். தாக்கல் செய்த ரிட்டர்னோடு ஒட்டவில்லை என்று ஆடிட்டர் அழைப்பார். பதிவு டெஸ்ட் இருந்தால் இது முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். எழுதுவதும் எளிது. வாடிக்கையாளரின் டேட்டாபேஸில் கடந்த வருடங்களின் ஆயிரக்கணக்கான உண்மையான பில்கள் கிடக்கின்றன. பெயர்களையும் வரிப் பதிவு எண்களையும் மாற்றிவிட்டு, உள்மாநிலம், வெளிமாநிலம், தள்ளுபடி, சரக்குத் திருப்பம், விகிதம் மாறிய நாளுக்கு முன், பின் என்று வகைக்குச் சில நூறு எடுத்து, இன்றைய நிரல் தரும் விடையை அப்படியே கோப்பில் சேமித்து வைத்தால் போதும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மறுபடி ஓட்டி ஒப்பிட வேண்டும். இப்படிச் செய்யும்போது ஃபங்ஷன்கள் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் கவலையில்லை. கணக்கு ஸ்டோர்டு புரொசீஜருக்குள் புதைந்திருந்தாலும் எட்டலாம். எஸ்.க்யூ.எல். சர்வரில் அதற்கென்றே டிஎஸ்க்யூஎல்டி என்னும் கருவி உண்டு. கறாராகச் சொன்னால் இது யூனிட் டெஸ்ட் ஆகாது. ஆனால் யூனிட் டெஸ்ட் எழுதுவதற்காக நிரலைப் பிரிக்கும்போது காவலுக்கு நிற்பது இதுதான்.

தவறான கணக்கையே சரியென்று உறைய வைக்கிறீர்களே என்று இதற்கு ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. ஆனால் பிழையைத் தெரிந்துகொண்டு வைத்திருப்பதும் தெரியாமல் வைத்திருப்பதும் ஒன்றாகாது. 31.12 என்ற விடையைப் பதிவு செய்யும் டெஸ்டுக்கு அருகிலேயே, இது இரட்டைப்படைச் சாய்வினால் வருவது, ஆடிட்டரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வைக்கலாம். மாற்ற வேண்டுமென்று அவர் சொன்னால், எந்தத் தேதி பில்லிலிருந்து மாற்றுவது என்பதும் அவர் சொல்லாக இருக்கும். நிரலர் தன் பாட்டில் எடுக்கக்கூடாத முடிவு அது. கணக்கு நிரலில் தவறு எது, ஏற்றுக்கொண்ட வழக்கம் எது என்பதை நிரலைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. டெஸ்ட் எழுத உட்காரும்போதுதான் இந்தக் கேள்விகள் உரியவரிடம் போகின்றன.

அடுத்தது மாக். கோவைக்காரர்களுக்கு இதைப் பம்பை வைத்துச் சொன்னால் போதும். நீர்மூழ்கிப் பம்பைச் சோதிக்க யாரும் முந்நூறு அடி போர்வெல் தோண்டுவதில்லை. தொட்டித் தண்ணீரில் பம்பை இறக்கி, வெளியேறும் குழாயில் கேட் வால்வைத் திருகித் திருகி மூடினால் அழுத்தம் ஏறும். எத்தனை அடி ஆழத்துக்குச் சமம் என்று மீட்டர் காட்டும். எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். சிடார்க் போன்ற சோதனை மையங்கள் செய்வதும் இதைத்தான். வால்வு கிணற்றுக்குப் பதிலாக நிற்கிறது. அதில் இரண்டு வசதி. கிணறு இல்லாமலே சோதிக்கலாம். நிஜக் கிணற்றில் வேண்டும்போது வரவழைக்க முடியாத நிலைமையையும் ஒரு திருகில் உண்டாக்கலாம். இரண்டாவதை மாக் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இ-இன்வாய்ஸை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேற்பட்டவர்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. திருப்பூரிலும் கோவையிலும் நடுத்தர நிறுவனங்கள் ஏராளமாக இந்த வலைக்குள் வந்தன. பில் விவரத்தை அரசின் தளத்துக்கு அனுப்பினால், விற்பவரின் வரிப் பதிவு எண், பில் எண், ஆவண வகை, நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட 64 எழுத்துக் குறியீடு ஒன்று திரும்பி வரும். ரத்து செய்வதானால் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். சோதனைக்கென்று அந்தத் தளத்துக்கு மாதிரிக் களம் உண்டு, சரியான பில் போனால் சரியான விடை வருவதை அதில் பார்க்கலாம். சங்கடம் வேறு இடத்தில். பில் போய்ச் சேர்ந்து குறியீடும் உருவான பிறகு, விடை வரும் வழியில் இணைப்பு அறுந்தால்? நிரல் மறுபடி அனுப்பும். தளம் 2150 என்ற பிழை எண்ணோடு, இது ஏற்கெனவே பதிவானது என்று சொல்லும். பழைய நிரல் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டால், பில் அரசிடம் இருக்கும், வாடிக்கையாளரிடம் இருக்காது, லாரி கேட்டில் நிற்கும். இந்த நிலைமையை மாதிரிக் களத்தில் வேண்டும்போது வரவழைப்பது கடினம். மாக்கில் இரண்டே வரி: முதல் அழைப்புக்கு விடையே இல்லை, இரண்டாவதற்கு 2150. நிரல் அப்போது பழைய குறியீட்டைக் கேட்டு வாங்கிப் பில்லில் ஒட்டுகிறதா என்பதுதான் டெஸ்ட். வருடத்துக்குச் சில முறை மட்டும் வந்து, வந்தபோதெல்லாம் ஆள் அனுப்பித் தீர்க்க வேண்டியிருந்த கோளாறு, சில நொடியில் ஓடும் டெஸ்டாகிவிடும்.

கடிகாரமும் அப்படித்தான். பழைய நிரல்களில் பட்டனை அழுத்தியதும் ஓடும் நீண்ட நிரலின் நடுவே ‘டேட்’ என்று இயந்திரத்தின் தேதியை நேரடியாக எடுத்து வரி விகிதத்தைத் தேடும் வழக்கம் பரவலானது. 2019 செப்டம்பர் 28 அன்று 12 சதவீதத்தில் விற்ற கிரைண்டர் அக்டோபர் 5 அன்று திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் வர வேண்டியது பழைய 12. நிரல் இன்றைய தேதியைப் பார்த்து 5 போட்டுவிடும். இதைச் சோதிக்க இயந்திரத்தின் தேதியையே மாற்றி வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு நாள் பழைய நிலைக்குத் திருப்ப மறந்து அன்றைய பில் எல்லாம் முன்தேதியில் விழுந்த கதையை எந்தச் சர்வீஸ் ஆளிடமும் கேட்கலாம். செய்ய வேண்டிய மாற்றம் மிகச் சிறிது. விகிதம் தேடும் பகுதியைத் தனி ஃபங்ஷனாக வெட்டி எடுத்து, தேதியை வெளியிலிருந்து கொடுக்க வைக்க வேண்டும். இதற்கு மாக் கருவிகூடத் தேவையில்லை. எடை மேடையிலிருந்து சீரியல் போர்ட் வழியே எண் வாங்கும் இடமும் இவ்வாறே. மேடை ஆடிக்கொண்டிருக்கும்போது வரும் நிலையற்ற எண்ணை நிரல் ஏற்கிறதா, ஒதுக்குகிறதா என்பதை நூல் மூட்டை எதையும் தூக்காமல் பார்த்துவிடலாம்.

பம்பு உதாரணத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சோதனைத் தொட்டியில் இருப்பது தெளிந்த தண்ணீர். அவிநாசிப் பக்கத்துப் போர்வெல்லில் மணல் வரும், வோல்டேஜ் இறங்கும். மாக் எழுதியவர் அரசுத் தளத்தைப் பற்றி நினைத்திருப்பதைத்தான் மாக் திருப்பிச் சொல்லும். தளம் ஒரு புலத்தைப் புதிதாகக் கட்டாயமாக்கினால் மாக்குக்கு அது தெரியாது, டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும். இதனாலேயே மாக் எல்லையில் மட்டும் நிற்க வேண்டும் என்கிறேன். அந்த எல்லையும் நாமே எழுதிய மெல்லிய அடாப்டராக இருக்க வேண்டும். தளத்தோடு பேசும் வேலை முழுவதும் அந்த ஒரு வகுப்பில். மற்ற நிரல் அதனிடம் ‘இந்தப் பில்லைப் பதிவு செய்’ என்று மட்டும் கேட்கும். மாக் நிற்பது அந்த அடாப்டருக்குப் பதிலாக. அடாப்டரை மட்டும் மாதிரிக் களத்தோடு அவ்வப்போது ஓட்டிப் பார்த்தால் மாக் எப்போது பழசாகிறது என்று தெரிந்துவிடும். நிரலின் உட்பகுதிகளையே ஒன்றுக்கொன்று மாக் செய்கிற பழக்கத்தால் வேறொரு தொல்லை. எந்த ஃபங்ஷன் எந்த ஃபங்ஷனை எத்தனை முறை அழைத்தது என்றெல்லாம் டெஸ்ட் சரிபார்க்கத் தொடங்கினால், உள்ளமைப்பைச் சீர்செய்யும் ஒவ்வொரு முறையும் டெஸ்டுகள் உடையும். பழைய நிரலுக்கு டெஸ்ட் கொண்டுவந்ததே அதைச் சீர்செய்யத்தான். இந்த இரு போக்குக்கும் இடையிலான விவாதத்தை மார்ட்டின் ஃபௌலர் விரிவாக எழுதியிருக்கிறார். ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2014 இல் டெஸ்டை முன்வைத்து எழுதும் முறை செத்துவிட்டது என்று அறிவித்ததற்கு ஒரு காரணம், மாக்குக்கு இடம் கொடுப்பதற்காகவே நிரல் கோணலாகிறது என்ற எரிச்சல். புது நிரலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம், பழைய நிரலில் அந்த எரிச்சலில் நியாயம் அதிகம்.

காசு பற்றிய மறுப்புதான் நம் ஊரில் முதலில் எழும். வருடப் பராமரிப்புக் கட்டணத்துக்கு இழுத்தடிக்கும் வாடிக்கையாளர் டெஸ்டுக்கு எங்கே பணம் தரப்போகிறார்? மைக்ரோசாஃப்டின் மூன்று குழுக்களிலும் ஐ.பி.எம்மின் ஒரு குழுவிலும் நாச்சியப்பன் நாகப்பனும் சக ஆய்வாளர்களும் செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். டெஸ்டை முதலில் எழுதிய குழுக்களில் வெளியீட்டுக்கு முந்தைய பிழைகளின் அடர்த்தி 40 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது. நேரம் 15 முதல் 35 சதவீதம் வரை கூடியதாகக் குழுத் தலைவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் அது டெஸ்டை முன்வைத்து எழுதிய குழுக்களின் கதை, டெஸ்டே இல்லாத பதினைந்து வருட நிரலுக்கு அந்த எண்களை அப்படியே தூக்கி வைப்பது நேர்மையாகாது. பழைய நிரலில் முதல் டெஸ்டுக்கு ஆகும் செலவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் செலவை எதோடு ஒப்பிடுகிறோம்? செப்டம்பர் 3 இலிருந்து 22 வரையிலான 19 நாளில் எத்தனையோ வாடிக்கையாளரின் நிரலைத் திருத்தி, ஒவ்வொன்றையும் கையால் பில் போட்டுப் பார்த்து, 22 ஆம் தேதி காலையில் வரும் தொலைபேசி அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு யாரும் தனியாகப் பில் போடுவதில்லை, அதனால் அது செலவாகவே கண்ணில் படுவதில்லை. வரிக் கணக்குக்கு மட்டும் பதிவு டெஸ்ட் வைத்திருப்பவருக்கு அந்த 19 நாளின் பெரும்பகுதி மிச்சம். இங்கே வாதம் தரத்தைப் பற்றியதுகூட இல்லை, ஆள்நாள் கணக்குதான்.

மொத்தமாகப் புதிதாக எழுதிவிட்டால் இந்தத் தலைவலியே இருக்காது என்பார்கள் சிலர், பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நெட்ஸ்கேப் 1998 இல் அந்த வழியில் போனது. புதிய உலாவி வெளிவந்தது 2000 நவம்பரில், அதற்குள் சந்தை மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிருந்தது. நம் நிரல்களில் இன்னும் பெரிய சிக்கல் உண்டு. டையிங்கில் எத்தனை சதவீதம் எடை குறைந்தால் ஏற்பது, எதற்கு மேல் பிடித்தம் என்பது போன்ற விதிகள் எந்த ஆவணத்திலும் இருக்காது. அந்த ‘இஃப்’களில்தான் அவை வாழ்கின்றன. புதிதாக எழுத வேண்டுமானாலும் முதலில் பழையதன் நடத்தையைப் பதிவு செய்தாக வேண்டும். ஆக இந்த மறுப்பும் சுற்றிவந்து அதே வாசலில்தான் நிற்கிறது.

இதே கோவையில் வேறொரு உலகமும் இருக்கிறது. சரவணம்பட்டிப் பக்கம் பாஷ் மென்பொருள் மையம் போன்ற இடங்களில் எழுதப்படும் வாகன மென்பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 26262 என்ற பாதுகாப்புத் தரம் உண்டு. 2011 இல் வந்தது, 2018 இல் புதுப்பிக்கப்பட்டது. யூனிட் அளவில் சோதித்து, எவ்வளவு நிரல் டெஸ்டுக்குள் வந்தது என்று ஆதாரம் காட்ட வேண்டும் என்பதை அது எதிர்பார்க்கிறது. அங்கே கவரேஜ் எண்ணுக்குப் பொருள் உண்டு, பிரேக் சம்பந்தப்பட்ட நிரலில் ஓட்டிப் பார்க்காத கிளை ஒன்று இருந்தாலும் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். அங்கே வேலை பார்த்துவிட்டு வணிக மென்பொருளுக்கு வருகிறவர்கள் அந்த எண்ணையும் கூடவே கொண்டுவருவது இயல்பு. ஆனால் ஒரு ரிப்போர்ட்டின் பத்தி அகலத்துக்கும் பிரேக்குக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது ஒரு மதியத்துக்குள் நூற்றுக்கணக்கான டெஸ்ட் எழுதித் தருவதால் கவரேஜ் எண்ணை உயர்த்துவது இன்னும் எளிதாகிவிட்டது. பதிவு டெஸ்டின் அலுப்பான பகுதிக்கு அவை நல்ல உதவி, மறுக்கவில்லை. ஆனால் 31.12 ஐயும் 31.13 ஐயும் அந்தந்த இடத்தில் சரியென்று எழுதிவிட்டு அவை நகர்ந்துவிடும். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று ஆடிட்டரிடம் கேட்கப் போவது நிரலர்தான்.

எல்லா இடத்துக்கும் டெஸ்ட் வேண்டியதில்லை. டாட் மேட்ரிக்ஸ் அச்சில் கட்டம் சரியாக விழுகிறதா என்பதைத் தாளைப் பார்த்தே சொல்லலாம். பட்டன் நிறமும் மெனு வரிசையும் உடைந்தால் அரை மணியில் தெரிந்துவிடும். பத்து வருடமாக யாரும் தொடாத, யாரும் குறை சொல்லாத பகுதியை டெஸ்டுக்காகக் கிண்டுவது வீண்வேலை. வெளியிலிருந்து அதற்கு மாற்றம் வரும் வரைதான் இது பொருந்தும். பல நிறுவனங்களில் சம்பளப் பகுதி அப்படித்தான் கிடந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தபோது, ஊதியம் என்பதன் வரையறையே மாறியது: ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், மிகுதியை ஊதியமாகவே கணக்கிட வேண்டும். பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டும் ஷிஃப்ட் கூலியும் ஓவர் டைமும் கலந்து ஓடும் அந்தப் பழைய சம்பள நிரலை, திருத்தக் கைவைப்பதற்கு முன், போன வருடத்துச் சம்பளப் பட்டியல்களை வைத்து ஒருமுறை பதிவு செய்துகொள்ள வேண்டும்.